மலர்க்கொடி பிரிச்சுப் பாக்காத டப்பா

நான் நீலாம்பாள். பேராவூரணியில ஸ்டேஷன் போற ரோட்டுல பிளவுஸ் தைக்கிற கடை வச்சிருக்கேன். எனக்கு வாய் நீளம்னு ஊருக்கே தெரியும். இருந்துட்டுப் போகட்டும். வாய் நீளமா இருக்கறவ மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுப் போயிடுவா. கழுத்தறுக்கறதெல்லாம் தேன் ஒழுகப் பேசறவங்கதான். நான் சொல்ல வந்தது பக்கத்துக் கடை மலர்க்கொடி கதை. அவ கழுத்தை அறுத்தது யாருன்னு கேட்டா உங்களுக்கும் வயிறு எரியும்.

மலர்க்கொடி பியூட்டி பார்லர் வச்சிருக்கா. அவ கடைக்கும் என் கடைக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். அங்க தும்மினா இங்க நான் "நூறு"ம்பேன். அவ அப்பா மருதையன் ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்துல கூலிக்குப் போனவரு, இப்ப கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பாக்கறாரு. அம்மா நடவுக்குப் போன காசுலதான் இவ பன்னெண்டாவது முடிச்சு, தஞ்சாவூர்ல பியூட்டீஷியன் கோர்ஸும் படிச்சா.

படிச்ச கையோட தஞ்சாவூர்லயே ஒரு பார்லர்ல வேலைக்குச் சேந்திருக்கா. அந்த முதலாளியம்மா எங்கேருந்தோ பேர் ஊர் இல்லாத கறுப்புப் பொடியை வாங்கி வந்து, "இதைக் கலக்கிப் போடு"ன்னிருக்கு. போட்டா. வந்தவங்களுக்கு நெத்தியெல்லாம் கொப்புளம். அந்தம்மா கொஞ்சம்கூட கூசாம, "புதுப்பொண்ணு, கலக்கத் தெரியாமக் கலக்கிட்டா"ன்னு சொல்லி இவளை அன்னிக்கே வெளிய அனுப்பிடுச்சு. நம்ம பேர்ல தப்பே இல்லாம ஊர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கறது எப்படின்னு அவளுக்கு அப்பவே தெரியும். அதனால சொந்தமா கடை வச்சப்ப ஒரே ஒரு விஷயத்துல மட்டும் வெறி புடிச்சவ மாதிரி இருந்தா. அடுத்தவங்க தலையில வைக்கிற பொருளை அவதான் பாத்துப் பாத்து வாங்குவா.

அப்பப்பா, அவ வாங்கற அழகு இருக்கே! சரக்கு விக்கறவன் ஒருத்தன் பையைத் தூக்கிக்கிட்டு வந்து, "மேடம், இது முழுக்க மூலிகை, கெமிக்கலே கெடையாது"ம்பான். இவ விடுவாளா? "மூலிகையில பத்து நிமிஷத்துல வெள்ளை முடி கறுப்பாகுமாங்க? ஆகும்னா எங்க ஊர்ல மூலிகைக்கா பஞ்சம்? பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சுக் காமிங்க"ம்பா. அவன் கண்ணாடியைத் தேடுவான். இவளே படிப்பா. கறுப்பு ஏத்தற மருந்து அதுல இருக்கத்தான் செய்யும், அது எவ்வளவு, யாருக்கு ஒத்துக்கும் ஒத்துக்காதுங்கறதுதான் விஷயம்னு எனக்கே பாடம் எடுப்பா. அம்மோனியா இல்லைன்னா வாடை வராது, ஆனா முழு நரைக்கு நிக்குமான்னு பாக்கணும்பா. எனக்கு என்ன புரிஞ்சுது? பாதி புரிஞ்சுது.

ஒவ்வொரு டப்பாவையும் வாங்கற இடத்துலயே பிரிப்பா. டியூபோட வாய் மூடியிருக்கான்னு பாப்பா, தேதி பாப்பா, ஒரு வெள்ளைச் சாசர்ல துளியூண்டு பிதுக்கிப் பாப்பா. நல்ல கலர் கிரீம் வரும்போது வெளுப்பாத்தான் வரும், காத்து பட்டு, டெவலப்பர்ங்கற தண்ணி மருந்தை ஊத்திக் கலக்கினப்புறம்தான் நிறம் திரும்பும்னு சொல்லுவா. தஞ்சாவூர்ல மொத்தக் கடைக்காரரு பஞ்சநதம் இவ வந்தாலே, "வாம்மா இன்ஸ்பெக்டரு"ன்னுதான் கூப்பிடுவாராம்.

வர்றவங்களையும் சும்மா விடமாட்டா. எங்க ஊரு தென்னந்தோப்பு ஊரு, தலையில எண்ணெய் சொட்டச் சொட்டத்தான் வந்து உக்காருவோம். ரெண்டு தடவை அலசிவிட்டுத்தான் தொடுவா. "கன்னங்கரேல்னு அடிச்சு விடுடி"ம்பாங்க. "வேணாங்கம்மா, சவுரி வச்ச மாதிரி தெரியும். அடர் பிரவுன் போடறேன், முகத்துக்கு எடுப்பா இருக்கும்"பா. அதைவிடப் பெரிய ரோதனை, காதுக்குப் பின்னாடி பொட்டு வைக்கிறது. கொஞ்சூண்டு கலரைக் கலக்கி காதுக்குப் பின்னால வச்சு அனுப்பிடுவா. அரிப்பு, தடிப்பு ஒண்ணும் இல்லைன்னாதான் தலையில போடுவா. "தலைக்கு டை அடிக்கிறதுக்கு நிச்சயதார்த்தம், கல்யாணம்னு ரெண்டு நாளா?"ன்னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன். எந்தப் பொம்பளை இதுக்குன்னு ரெண்டு தரம் பஸ் ஏறி வருவா? அதுக்கும் வழி கண்டுபுடிச்சா. சந்தைக்குக் காய்கறி வாங்க எப்படியும் வருவாங்கல்ல, அன்னிக்குக் காசில்லாம பொட்டு வச்சு விடுவா. சந்தை அன்னிக்கு எங்க ரோட்டுல காதைத் திருப்பிக் காமிச்சுக்கிட்டு நாலு பொம்பளைங்க நிக்கறது வழக்கமாப் போச்சு.

அதனால ஒரு பேரு கெடச்சுது. "மலர் கை பட்டா அரிக்காது." அவகிட்ட நிலம் கெடையாது, நகை கெடையாது. அந்தப் பேருதான் அவ சொத்து. கடை ஓடினதும் அதை வச்சுத்தான்.

இப்ப அந்தப் புண்ணியவதிக்கு வர்றேன். செம்மொழி. தஞ்சாவூர்ல மலரோட ஒண்ணாப் படிச்சவ. ஹாஸ்டல்ல ஒரே ரூம், ஒரே சீப்பு, ஒருத்திக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தி கஞ்சி வைப்பா. பட்டுக்கோட்டைக்காரி. கொஞ்ச நாளா பார்லர் சரக்குக்கு ஏஜென்சி எடுத்துக்கிட்டு கடை கடையா வர ஆரம்பிச்சா. வாசல்லேருந்தே "மலரு... என் தங்கமே"ன்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் வருவா. எனக்கும் ஒரு சிரிப்பு, "அக்கா, உங்க கையால ஒரு பிளவுஸ் தச்சுக்கணும்க்கா." நானும் பல்லைக் காட்டினேன். மலர் தஞ்சாவூர் போறதை விட்டா. பஞ்சநதத்துக்கிட்ட வாங்கினதை எல்லாம் இவகிட்ட வாங்க ஆரம்பிச்சா.

ஒரு நாள் செம்மொழி டப்பாக்களை அடுக்கி வச்சுட்டுப் போனா. மலர் அதை அப்படியே அலமாரியில தூக்கி வச்சா. நான் கேட்டேன், "என்னடி இன்ஸ்பெக்டரு, பிரிச்சுப் பாக்கலையா?"

"ஐயோ சும்மா இருங்கக்கா. அவ கொண்டாந்து வச்சதை அவ கண்ணு முன்னாடி பிரிச்சுப் பாத்தா, அவ மனசு என்ன பாடுபடும்?"

"அதான் போயிட்டாளே, இப்பப் பாரேன்."

"போனப்புறம் பாத்தா மட்டும்? அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமில்ல, நான் அவளைச் சந்தேகப்பட்டேன்னு."

நம்ம ஊர் வழக்கமே இதுதானே. சொந்தபந்தம் கொண்டாந்து கொடுத்த நெல்லை எடை போட மாட்டோம், சம்பந்தி வீட்டுப் பலகாரத்தை மோந்து பாக்க மாட்டோம். மரியாதைன்னு நெனைச்சுக்கறோம். அவளும் அப்படித்தான் நெனைச்சா. நானும் வாயை மூடிக்கிட்டேன்.

ஆடி மாசம் வந்துச்சு. மத்த ஊர்ல ஆடியில பார்லர் ஈ ஓட்டும். எங்க பக்கம் ஆடி ஆவணிதான் மொய் விருந்துக் காலம். ஒரு குடும்பம் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடும், வந்தவங்க மொய் எழுதுவாங்க, அடுத்து அவங்க வைக்கறப்ப இவங்க போய்த் திருப்பிச் செய்யணும். இதுல முக்கியம் என்னன்னா, விருந்து வைக்கறவங்க புருஷனும் பொண்டாட்டியும் பந்தல் வாசல்ல நின்னு வர்றவங்களை ஒவ்வொருத்தரா கும்பிட்டு "வாங்க வாங்க"ன்னு கூப்பிடணும். நிக்கலைன்னா வந்தவன் மூஞ்சியைச் சுளிச்சுடுவான். ஊரே பாக்கும், போட்டோ எடுப்பாங்க. அதனால பந்தக்கால் நடறதுக்கு முன்னாடி பொம்பளைங்க பார்லருக்கு வந்துடுவாங்க.

அந்த வருஷம் தோப்புக்கார துரைராசு வீட்டு விருந்து. அவர் சம்சாரம் நாகம்மாளக்கா தங்கமான மனுஷி. மக வானதி கட்டாயப்படுத்தித்தான் கலர் பண்ணிக்கவே வந்தாங்க. சந்தை அன்னிக்கு மலர் காதுக்குப் பின்னாடி பொட்டு வச்சா. ஒண்ணும் பண்ணல. விருந்துக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்து உக்காந்தாங்க. பொட்டு வச்சது பஞ்சநதத்துக்கிட்ட வாங்கின பழைய டியூபுலேருந்து. அன்னிக்கு அது தீந்துபோய் செம்மொழி கொண்டாந்த டப்பாவை எடுத்தா. அதே கம்பெனி, அதே நம்பர், அதே அட்டை. வேறன்னு யாருக்குத் தோணும்?

நான் இந்தப் பக்கம் காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன். கிண்ணத்துல பிதுக்கற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மலர் போன் போட்டா. கையில உறை மாட்டியிருந்ததால ஸ்பீக்கர்ல போட்டிருந்தா.

"செம்மொழி, இந்தப் புது டியூபு பிதுக்கறப்பவே பழுப்பா வருதுடி. வாடையும் ஒரு மாதிரி இருக்கு. போடலாமா?"

"ஐயே, புது பேட்ச்டி அது. கம்பெனியில மாத்தியிருக்காங்க. பயப்படாதே, எங்கம்மா தலைக்கே நான் அதைத்தான் போட்டேன்."

"அம்மாவுக்கே போட்டியா? அப்ப சரிடி."

நாகம்மாளக்கா கேட்டாங்க, "யாரும்மா அது?" மலர் சொன்னா, "கூடப்பொறக்காத குறைதாங்கம்மா. நம்பிப் போடலாம்." அந்தம்மா, "நீ சொன்னா சரிதான்"னு கண்ணை மூடிக்கிட்டாங்க.

விருந்து அன்னிக்கு நான் புதுச்சேலை கட்டிக்கிட்டுப் போறேன், பந்தல் வாசல்ல துரைராசு அண்ணன் தனியா நிக்கிறாரு. முகத்துல ஈயாடல. வர்றவங்க எல்லாம், "எங்கே, வீட்டுக்காரம்மாவைக் காணோம்? நாங்க வந்தது புடிக்கலையோ?"ன்னு கேட்டுட்டே உள்ள போறாங்க. மனுஷன் என்ன சொல்லுவாரு? நான் நேரா வீட்டுக்குள்ள போனேன். அறைக் கதவைச் சாத்தி, ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு நாகம்மாளக்கா படுத்திருக்காங்க. துணியை எடுத்தாங்க. அட கடவுளே! ரெண்டு இமையும் உப்பி, கண்ணு இருக்கற இடமே தெரியல. நெத்தி ஓரமெல்லாம் நீர் வடியுது. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு அனுப்பியிருக்காங்க. "எத்தனை பேரு வந்திருக்காங்க நீலா? ஒருத்தரைக்கூட வாங்கன்னு சொல்ல முடியலயே"ன்னு அழறாங்க. அழுதா இன்னும் எரியும், அதையும் அடக்கிக்கிட்டு அழறாங்க.

மறுநாள் வானதி நடுரோட்டுல நின்னு கேட்ட கேள்விக்கு ரோடே கூடிடுச்சு. "லாபத்துக்கு ஆசைப்பட்டு மட்டச் சரக்கை எங்கம்மா தலையிலயா போட்டே?" மலர் வாசல்ல நின்னா. "பாத்துப் பாத்துத்தாங்க வாங்குவேன்"ன்னா. அப்படிச் சொன்னதும் அவளுக்கே சுருக்குன்னுச்சு போல, உள்ள போயிட்டா. அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஆவணி முகூர்த்தத்துக்குச் சொல்லி வச்சிருந்தவங்க எல்லாம் போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. சந்தை அன்னிக்கு ஒரு காது எங்க வாசல்ல நிக்கல.

அப்புறம்தான் அலமாரியிலேருந்து செம்மொழி கொடுத்த டப்பாவை எல்லாம் எறக்கிப் பிரிச்சா. எல்லாம் பழுப்பு. டியூபோட அடி மடிப்பு கோணல்மாணலா இருக்கு. பழைய டியூபுல ஒட்டியிருந்ததைப் பிதுக்கிப் பக்கத்துல வச்சா, அது வெள்ளையா வந்துச்சு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. "அவளே போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டாடி உனக்கு!"ன்னேன்.

அதுக்கு இந்தப் பைத்தியக்காரி என்ன சொன்னா தெரியுமா? "இல்லக்கா, அவளை எவனோ ஏமாத்தியிருக்கான். பாவம்க்கா, அவங்க அம்மா தலைக்கும் போட்டிருக்காளே! அந்தம்மாவுக்கு என்ன ஆச்சோ தெரியல, போனையும் எடுக்க மாட்டேங்கறா. வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்." தன் குடி முழுகிக்கிட்டு இருக்கு, இவ அடுத்தவ அம்மாவுக்குப் பதறறா. கடையைச் சாத்திட்டு ரெண்டு பேரும் பட்டுக்கோட்டை பஸ் ஏறினோம். "அவ வந்து நாகம்மாளம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா, என் பேர் தப்பிச்சுடும்"னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா.

செம்மொழி வீட்டு வாசல்ல அவங்க அம்மா உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. தலையைப் பாத்தேன். பஞ்சு. ஒரு கறுப்பு முடி கெடையாது.

மலர் மெதுவா, "அம்மா, தலைக்கு ஒண்ணும் போடலையா நீங்க?"ன்னு கேட்டா.

"எனக்கா? எனக்கு அது சேராதும்மா. முன்ன ஒரு தரம் போட்டு மூஞ்சி வீங்கி உசுரு பொழச்சதே பெரிசு. அதுலேருந்து செம்மொழி என்னை அந்தப் பையைத் தொடக்கூட விட மாட்டா. உள்ள வாங்களேன், காபி போடறேன்."

அடிப்பாவி! டை ஒத்துக்கலைன்னா என்ன ஆகும்னு தன் அம்மா மூஞ்சியிலேயே பாத்தவ. தெரிஞ்சே அந்த அம்மா பேரைச் சொல்லி, "போடு"ன்னு சொல்லியிருக்கா.

சத்தம் கேட்டு செம்மொழி வெளிய வந்தா. மலரைப் பாத்ததும் மூஞ்சி செத்துப் போச்சு. அம்மாவை உள்ள அனுப்பினா. நான் விட்டேனா? "ஏண்டி, சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கற?"ன்னு ஆரம்பிச்சுட்டேன். மலர் என்னைப் பாத்து, "அக்கா, நான் பேசிக்கறேன்"ன்னா.

செம்மொழி அழுதா. கம்பெனி டார்கெட் கட்ட முடியலையாம். திருச்சியில ஒருத்தன் அச்சு அசலா அதே அட்டையில போட்டுத் தர்றானாம், பாதி விலையாம். "நானா செஞ்சேன் மலரு? அவன் கொடுத்தான். இந்த அளவுக்கு ஆகும்னு சத்தியமா நெனைக்கல."

"அவன் எனக்கு யாருடி?" மலர் அழுதுகிட்டே கேட்டா. "அவனை நான் பாத்திருக்கேனா? உன் மூஞ்சியைப் பாத்துத்தானே நான் வாங்கினேன்? போன் போட்டுக் கேட்டேனே, அப்பவாவது வேணாம்னு சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தைடி. 'போடாதே'ன்னு ஒரே ஒரு வார்த்தை."

செம்மொழி வாசல்ல கெடந்த கீரைக் காம்பைப் பொறுக்க ஆரம்பிச்சா.

"மத்தக் கடைக்காரங்களுக்கும் இதைத்தான் கொடுத்தியா? அவங்களுக்கும் போய்ச் சொல்லணுமில்ல, அவங்க எடுத்துத் தலையில போட்டுடப் போறாங்க"ன்னு மலர் கேட்டா. அந்த நேரத்துலயும் அவ புத்தி அப்படித்தான் போச்சு.

அதுக்கு செம்மொழி வாயிலேருந்து வந்த பதிலைக் கேளுங்க. "மத்தவங்களுக்கெல்லாம் நல்ல சரக்குதான் கொடுத்தேன். அவங்க பிரிச்சுப் பாப்பாங்க. நீ மட்டும்தான் பாக்க மாட்டே."

நான் கையை ஓங்கிட்டேன். பொய் சொல்லல, ஓங்கினது உண்மை. மலர்தான் நடுவுல வந்து நின்னா. "பேராவூரணிக்கு வா. வந்து நாகம்மாளம்மாகிட்ட இதைச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு"ன்னா. வரமாட்டேன்னுட்டா. ஏஜென்சி போயிடுமாம், வயசான அம்மாவை வச்சிருக்காளாம். உள்ளேருந்து அந்தம்மா ரெண்டு காபியோட வந்தாங்க. மலர் வாங்கிக் குடிச்சா. டம்ளரைக் கழுவி வச்சுட்டு, "வர்றேம்மா"ன்னு சொல்லிட்டு வந்தா. நான் தொடல.

பஸ்ஸை விட்டு எறங்கினதும் வீட்டுக்குப் போகல, நேரா துரைராசு அண்ணன் வீட்டுக்குத்தான் போனோம். பந்தல் பிரிச்ச கயிறு இன்னும் வாசல்ல கெடந்துச்சு. நாகம்மாளக்காவுக்கு வீக்கம் வடிஞ்சு கண்ணு தெரிஞ்சுது, நெத்தியில தோல் உரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மலர் வாசப்படியிலேயே நின்னு ஒண்ணுவிடாமச் சொன்னா. சரக்கு போலி, கொண்டாந்தது செம்மொழி, அவ அம்மா தலைக்குப் போட்டேன்னு சொன்னதும் பொய்னு சொன்னா. "நான் மட்டச் சரக்கு வாங்கலைங்கம்மா. என்னை ஏமாத்திட்டாங்க. எனக்கு நீங்க நம்பினாப் போதும்"ன்னா.

நாகம்மாளக்கா கோபமாக்கூடப் பேசல.

"நீ சொல்றது நிஜமாத்தான் இருக்கும் மலரு. ஆனா அந்தப் பொண்ணு எனக்கு யாரு? அவளை நான் பாத்திருக்கேனா? உன் மூஞ்சியைப் பாத்துத்தானே நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அக்கா, இவ என்னக்கா பண்ணுவா, இவளே..."ன்னு நான் ஆரம்பிச்சேன். மலர் என் கையைப் புடிச்சு அழுத்தினா.

"ஆமாங்கம்மா"ன்னா.

வானதி உள்ளேருந்து வந்து கதவைச் சாத்தினா.